ஊரிலிருந்து மருந்து வரவழைக்கலாமா, கனடாவில் வாங்கலாமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்கள் முதன்முறையாக மருந்துக் கடைக்குப் போய், அங்கே சொல்லப்படும் தொகையைக் கேட்டுத் திகைத்து, அன்றிரவே இந்தத் தளத்துக்கு வந்து இரண்டு கேள்விகளை எழுதுகிறார்கள். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கான மருந்தை வரவழைத்துக்கொள்ளலாமா என்பது ஒன்று. கனடாவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதாமே, அங்கே வாங்கினால் என்ன என்பது மற்றொன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். டெட்ராய்ட் புறநகரில் வசிக்கிறேன். ஆற்றைத் தாண்டினால் கனடாவின் வின்சர் நகரம் என்பதால், இந்த விவாதம் எங்கள் பகுதியில் ஓய்ந்ததே இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். எஃப்.டி.ஏ. எனப்படும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிக்காத எந்த மருந்தையும் தனிநபர் நாட்டுக்குள் கொண்டுவருவது, சொந்த உபயோகத்துக்கே ஆனாலும், பொதுவாகச் சட்டவிரோதம்தான். அதே வேதிப்பொருள், அதே நிறுவனம் என்றாலும், இந்தியச் சந்தைக்காகத் தயாரித்து இந்திய லேபிள் ஒட்டிய மாத்திரை இங்கே அனுமதி பெற்ற மருந்தாகக் கருதப்படுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பறிமுதல் செய்வதும் இல்லை. நோய் கடுமையானதாக இருந்து, அதற்கேற்ற சிகிச்சை அமெரிக்காவில் கிடைக்காத நிலையில், மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவு, தனக்கே என்ற எழுத்துபூர்வ உறுதி, இங்குள்ள மருத்துவர் ஒருவரின் பெயர் அல்லது வெளிநாட்டில் தொடங்கிய சிகிச்சையின் தொடர்ச்சி இது என்பதற்கான சான்று ஆகியவை இருந்தால், அதிகாரிகள் தம் விருப்புரிமையின்படி விட்டுவிடலாம். இது அவர்கள் காட்டும் சலுகையே ஒழிய, நம்முடைய உரிமை அன்று. அனுமதி மறுக்கப்பட்ட சிறு பொட்டலங்களைத் திருப்பி அனுப்பாமல் அழித்துவிடவும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது.

வெளிநாட்டுக் குடிமக்களாக இங்கே வருபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தம்முடைய உபயோகத்துக்கு 90 நாள் வரையிலான மருந்தை, அதன் அசல் அட்டையிலோ புட்டியிலோ, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டுடன் எடுத்துவரலாம். நம்மவர்களில் பலர் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி எடுத்து வருகிறார்கள். விமான நிலையத்தில் கேள்வி வந்தால், அது என்ன மருந்து என்று நிரூபிக்க வழியே இருக்காது. தூக்க மாத்திரை, அல்பிரசோலாம், டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் வருபவை. ஊரில் அவற்றை எவ்வளவு எளிதாக வாங்க முடிந்தாலும் இங்கே அவற்றுக்கான விதிகள் வேறு. மருத்துவரிடம் தெளிவாகக் கேட்காமல் அவற்றைப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டு கொண்டுவருவதால் உண்மையில் பணம் மிச்சமாகிறதா? பெரும்பாலான மருந்துகளில் மிச்சமாவதில்லை என்பதுதான் என் கருத்து. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு விலைகளை வைத்து வெளியிட்ட ஒப்பீட்டின்படி, தள்ளுபடிகளைக் கழிப்பதற்கு முன்பான அமெரிக்க மருந்து விலை, வளர்ந்த நாடுகள் பிறவற்றின் விலையைப் போல் ஏறத்தாழ 2.78 மடங்கு. பிராண்டு மருந்துகளை மட்டும் எடுத்தால் அது 4.22 மடங்கு. ஆனால் பிராண்டு பெயரில்லாத ஜெனரிக் மருந்துகளை எடுத்துக்கொண்டால், அமெரிக்க விலை அந்த நாடுகளின் விலையில் 67 சதவீதம்தான். இந்த நாட்டில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஜெனரிக் மருந்துக்கானவை. மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின், லெவோதைராக்சின் என்று நம் குடும்பங்களில் புழங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்த மலிவான பகுதியில்தான் இருக்கின்றன. மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, மருந்தின் பிராண்டு பெயரை அல்லாமல் வேதிப்பெயரையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் பல மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருக்கும். அதே கலவை இங்கே இல்லாமல் போகலாம், ஆனால் பகுதிகள் தனித்தனியாகக் கிடைக்கலாம். இங்கே மருந்துக் கடைக்குப் போகும்போது, காப்பீடு வழியாக எவ்வளவு, காப்பீடு இல்லாமல் ரொக்கமாக எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். ரொக்க விலை குறைவாக இருந்தாலும் அதைச் சொல்லக்கூடாது என்று மருந்தாளுநரின் வாயைக் கட்டும் ஒப்பந்தங்கள் முன்பு இருந்தன. 2018இல் வந்த சட்டங்கள் அவற்றைத் தடை செய்துவிட்டன. தள்ளுபடிக் கூப்பன் தரும் செயலிகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். 2022இல் தொடங்கப்பட்ட காஸ்ட் பிளஸ் போன்ற இணைய மருந்தகங்கள் அடக்க விலை, லாபம், அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டி விற்கின்றன. ரொக்கமாகக் கொடுத்த பணம் உங்கள் காப்பீட்டின் டிடக்டபிள் (காப்பீடு செலவை ஏற்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) கணக்கில் பொதுவாகச் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிராண்டு மருந்து தேவைப்படுகிறவர்களின் நிலை முற்றிலும் வேறு. கனடா விவாதம் பிறந்ததே அவர்களால்தான். 1999இல் அப்போது பிரதிநிதிகள் அவையில் இருந்த பெர்னி சாண்டர்ஸ், மார்பகப் புற்றுநோய் மருந்து வாங்குவதற்காக வெர்மான்ட் மாநிலப் பெண்களை எல்லை தாண்டி கனடாவுக்கு அழைத்துப் போனார். 2019இல் இன்சுலின் வாங்க வந்த நோயாளிகளுடன் அவர் இறங்கிய இடம் எங்களுக்கு எதிர்க்கரையிலுள்ள வின்சர். 2018ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்ட ராண்ட் ஆய்வில், இன்சுலினின் சராசரி விலை அமெரிக்காவில் 98.70 டாலர், கனடாவில் 12 டாலர். இன்சுலினைக் கண்டுபிடித்த டொராண்டோ ஆய்வாளர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டவர்கள் என்பதை நினைத்தால், நோயாளிகளின் கோபம் நியாயமாகவே படுகிறது.

அப்படியிருந்தும் இறக்குமதி ஏன் நடக்கவில்லை? சட்டம் இயற்றாமல் இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. ஆனால் மக்களின் பாதுகாப்புக்குக் கூடுதல் ஆபத்து இல்லை, விலை கணிசமாகக் குறையும் என்று சுகாதாரத் துறைச் செயலர் சான்றளித்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று நிபந்தனையும் வைத்தது. அப்போதைய செயலர் டோனா ஷலாலா சான்றளிக்க மறுத்தார். அடுத்து வந்த டாமி தாம்சனும் மறுத்தார். 2003ஆம் ஆண்டு மெடிக்கேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சட்டம் அதைக் கனடாவுக்கு மட்டும் என்று சுருக்கி, சான்று நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டது. 2020இல்தான் ஒரு செயலர் முதன்முதலாக அந்தச் சான்றைத் தந்தார். அதன் பிறகு, 2024 ஜனவரி 5 அன்று புளோரிடா மாநிலத்தின் திட்டத்துக்கு எஃப்.டி.ஏ. முதன்முதலாக ஒப்புதல் கொடுத்தது. செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டுப் புளோரிடாவில் இருக்கும் சிலர் இங்கே மகிழ்ச்சியோடு எழுதினார்கள்; ஆனால் அது சிறைவாசிகள், மாநிலத்தின் பராமரிப்பில் உள்ளவர்கள் போன்றோருக்கு மாநில அரசு மொத்தமாக வாங்கும் திட்டம். கடைக்குப் போய் மாத்திரை வாங்கும் உங்களுக்கும் எனக்கும் அதில் இடமில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: உயிரியல் மருந்துகள் (உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிப்பவை) இந்த வழியில் வரக்கூடாது என்பது விதி, இன்சுலின் 2020 மார்ச் முதல் உயிரியல் மருந்தாகவே கணக்கிடப்படுகிறது. விவாதத்துக்கு முகமாக இருந்த மருந்துக்கே அந்த விதியில் இடம் இல்லாமல் போயிற்று.

கனடாவின் நிலையையும் யோசிக்க வேண்டும். அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடி, இங்கே 33 கோடிக்கும் மேல். அந்த நாட்டுக்கென்று அளந்து அனுப்பப்படும் மருந்தைப் பக்கத்து நாடு அள்ளத் தொடங்கினால் அவர்களுக்கே தட்டுப்பாடு வரும் என்பதற்காக, 2020 நவம்பரில் கனடா அரசு, தட்டுப்பாட்டை உண்டாக்கக்கூடிய ஏற்றுமதியைத் தடை செய்தது. நிறுவனங்களும் சும்மா இருப்பதில்லை. 2003இலேயே கிளாக்சோ ஸ்மித் கிளைன், அமெரிக்கர்களுக்கு விற்கும் கனடிய மருந்தகங்களுக்கு மருந்து அனுப்புவதை நிறுத்தத் தொடங்கியது. கனடாவில் விலை குறைவதற்குக் காரணம், 1987 முதல் காப்புரிமை மருந்துகளின் விலையை ஆராயும் வாரியம் ஒன்று இருப்பதும், மாகாண அரசுகள் பேரம் பேசுவதும்தான். இறக்குமதி என்பது அந்தப் பேரத்தின் பலனை இரவல் கேட்பது. இரவல் கொடுக்கிறவருக்கு ஒரு எல்லை உண்டு. அதனால்தான் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெடிக்கேரே நிறுவனங்களோடு விலை பேசத் தொடங்கியதை நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். எலிக்விஸ், ஜார்டியன்ஸ், ஜனூவியா உள்ளிட்ட முதல் பத்து மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பாதுகாப்பு என்ற வாதத்தை மருந்து நிறுவனங்கள் தங்கள் லாபத்துக்காக ஊதிப் பெருக்குகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் அதில் சாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கனடாக் கொடியைப் படமாகப் போட்ட இணையக் கடைகள் எல்லாம் கனடாவிலிருந்து அனுப்புவதில்லை. கனடிய மருந்து என்று சொல்லி விற்கப்பட்ட பொட்டலங்களை 2005இல் எஃப்.டி.ஏ. சோதித்தபோது, அவற்றில் 85 சதவீதம் வேறு 27 நாடுகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. முறையான வழியில் வருவது எல்லாம் குற்றமற்றது என்றும் சொல்லமாட்டேன். 2023இல் அமெரிக்காவில் பலருடைய கண்பார்வையைப் பறித்து, சிலருடைய உயிரையும் எடுத்த கிருமித்தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட கண் சொட்டு மருந்து, சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தயாரித்து, சட்டப்படி இறக்குமதியாகிக் கடைகளில் விற்றதுதான். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றே: முறையாக விற்ற மருந்தில் கோளாறு தெரிந்தால் திரும்பப் பெறும் அறிவிப்பு வரும். பெட்டியில் வந்த மாத்திரைக்கு அப்படி ஒரு அறிவிப்பு உங்களைத் தேடி வராது.

கீழே வந்த கேள்விகளில் மூன்றுக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

எடை குறைக்கும் ஊசியை ஊரிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். அந்த மருந்து இங்கேயே கிடைப்பதால், மேலே சொன்ன சலுகை அதற்குப் பொருந்தாது. குளிர்ச்சி குறையாமல் வைத்திருக்க வேண்டிய ஊசி வழியில் எந்த வெப்பத்தில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கிரீன் கார்டில் வந்திருக்கும் மாமியாருக்கு மாதம் 35 டாலர் இன்சுலின் கிடைக்குமா என்று கேட்ட சகோதரிக்கு: அந்த வரம்பு மெடிக்கேரில் இருப்பவர்களுக்கு. இங்கே வேலை செய்த கணக்கு இல்லாதவர்கள், 65 வயது நிறைந்திருந்தாலும், நிரந்தர வசிப்புரிமையோடு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்த பிறகே மெடிக்கேரைப் பணம் கட்டி வாங்க முடியும். ஆனால் லில்லி, சனோஃபி ஆகிய நிறுவனங்கள் காப்பீடு இல்லாதவர்களுக்கும் 35 டாலர் திட்டம் வைத்திருக்கின்றன; அவர் போடும் இன்சுலின் யாருடையது என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள்.

சுற்றுலா விசாவில் ஆறு மாதம் தங்க வரும் தந்தைக்குக் கிளிக்ளசைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை வேண்டும் என்று கேட்ட ஐயாவுக்கு: அது அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்காது. வரும்போது 90 நாளுக்கு எடுத்து வரட்டும். அடுத்த பகுதியை அவருடைய பெயருக்கே கூரியரில் அனுப்பச் சொல்லலாம். பொட்டலத்தோடு அவருடைய பாஸ்போர்ட், விசா நகல்களும், மருத்துவரின் கடிதமும், ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டும் இருக்க வேண்டும். சுங்கத்தில் சில வாரங்கள் தேங்கலாம் என்பதால், கையிருப்பு தீரும் தறுவாயில் அனுப்பச் சொல்லாமல், அவர் வந்து இறங்கிய இரண்டாவது மாதமே அனுப்பச் சொல்லுங்கள். பொட்டலத்தின் மேல் உங்கள் பெயரை எழுத வேண்டாம்.