புளியரை வீட்டுக் குழு, திங்கட்கிழமை காலை

கலா சித்தி, 6:10
யாராவது விழித்திருக்கிறீர்களா? சித்தப்பாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கையை மடக்கிப் பல் துலக்கக்கூட முடியவில்லை.

கணேசன் மாமா, 6:14
சனிக்கிழமை மொட்டைமாடியில் குதித்தாரே, அதுதானே? சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

கார்த்தி, 6:15
அந்த 60 நாள் வீடியோவா? முதல் நாளே முழுவதும் செய்துவிட்டாரா?

கலா சித்தி, 6:17
முதல் மூன்று நாள் பயிற்சியையும் ஒரே மூச்சில் செய்தார். மாலை போட 18 நாள்தான் இருக்கிறது, அதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டுமாம்.

சரசு அத்தை, 6:19
அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்கிறாள். அப்புறம், புவனா வளைகாப்புக்குப் பெரிய அண்டா வேண்டும். உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?

கலா சித்தி, 6:20
பொங்கலுக்கே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது மதினி.

சரசு அத்தை, 6:20
வரவில்லை.

செல்வி புனலூர், 6:24
எண்ணெய் இப்போது வேண்டாம் அத்தை. சித்தி, சித்தப்பாவுக்குச் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது? கூச்சப்படாமல் சொல்லுங்கள். புதிதாகப் பயிற்சி செய்தால் யாருக்கும் உடம்பு வலிக்கும். மறுநாளிலிருந்து மூன்றாம் நாள் வரை கூடி, தானாகவே இறங்கிவிடும். ஆனால் பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் உடைந்து, உள்ளே இருக்கிற மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தசை வீங்கும், கை கால் பலம் போகும், சிறுநீர் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ நிறத்தில் வரும்.

கணேசன் மாமா, 6:26
போன வருடம் சபரிமலை ஏறும்போது அப்பாச்சிமேட்டில் உட்கார்ந்ததற்கு நான் இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்காகவா?

முருகன் சித்தப்பா, 6:28 (குரல் பதிவு)
இரண்டு வார்த்தை இல்லை அத்தான். ஒரு வருடமாகச் சொல்கிறீர்கள்.

கலா சித்தி, 6:31
செல்வி, கட்டன் சாயா நிறம்தான். நேற்று ராத்திரியிலிருந்து. சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன்.

செல்வி புனலூர், 6:32
உடனே கிளம்புங்கள் சித்தி. நேராகத் தென்காசி அரசு மருத்துவமனை. பயிற்சி செய்ததையும் நிறம் மாறியதையும் முதலிலேயே சொல்லுங்கள். தசை உடைந்ததைக் காட்டும் சிகே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். வலி மாத்திரை கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது.

கலா சித்தி, 6:33
ராத்திரி ஒன்று கொடுத்துவிட்டேனே.

செல்வி புனலூர், 6:33
பரவாயில்லை, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணேசன் மாமா, 6:34
கார் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையைப் படி இறங்க விடாதே கலா. நான் வந்து பிடித்துக்கொள்கிறேன்.

கார்த்தி, 6:40
என் தப்பு அக்கா. நான்தான் அனுப்பினேன். மூன்று நிமிடம் முழு வேகம், அரை நிமிடம் ஓய்வு. எனக்கு ஒத்துக்கொண்டது.

செல்வி புனலூர், 6:52
உனக்கு 24 வயது, தினமும் ஓடுகிறாய். இந்த மாதிரி வேகப் பயிற்சிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜப்பானில் இசுமி தபாட்டா குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வு. 20 விநாடி முழு பலம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை. மொத்தமே நான்கு நிமிடம். அதில் சைக்கிள் மிதித்தவர்கள் விளையாட்டில் பழகிய இளைஞர்கள். சித்தப்பாவோ 30 வருடம் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தவர். உலக சுகாதார நிறுவனம் சொல்வதே வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைக்கு வேலை. பத்து தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தண்டால், நம் வீட்டுப் படிக்கட்டு. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகத்தில் தொடங்கி, வாரம் வாரம் கொஞ்சம் கூட்டினால் போதும். குணமான பிறகு, டாக்டர் சரி என்றால் நானே வந்து சொல்லித் தருகிறேன்.

சரசு அத்தை, 7:20
அம்மா அழுகிறாள். யாராவது போன் பண்ணுங்கள்.

கணேசன் மாமா, 8:05
சேர்த்துவிட்டார்கள். சலைன் ஏறுகிறது. ரத்தம் எடுத்தாயிற்று, முடிவு மதியம் வருமாம். நான் இங்கேயே இருக்கிறேன்.

கலா சித்தி, 8:11
அதற்குள் மாலை போடலாமா என்று கேட்கிறார்.

செல்வி புனலூர், 8:12
மாசி மாதப் பூஜைக்கும் நடை திறப்பார்கள் சித்தி. முதல் ஐந்து நாள். கூட்டமும் குறைவு.

முருகன் சித்தப்பா, 8:15 (குரல் பதிவு)
கார்த்திகைதான்.

கணேசன் மாமா, 8:16
பார்ப்போம் மாப்பிள்ளை. எப்போது போனாலும் உன் நடைக்குத்தான் நானும் ஏறுவேன். நீ உட்கார்ந்தால் நானும் உட்காருவேன்.

சரசு அத்தை, 8:30
அண்டா தொழுவத்தில் இருந்தது. மூடியைக் காணோம். அது உங்கள் வீட்டில்தான் கலா.

கலா சித்தி, 8:41
வந்து தேடுகிறேன் மதினி. ரத்த முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன்.