வழிவலைப் படகில் விடியற்காலையில் செல்ஃப் எடுக்கவில்லை: பெரிய பேட்டரி தீர்வாகுமா?

கேள்வி:
தூத்துக்குடியிலிருந்து வழிவலைத் (கடலில் மிதக்கவிட்டு மீன் பிடிக்கும் வலை) தொழிலுக்குச் செல்லும் எங்கள் பைபர் படகில் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றுதான் உள்ளது. மாலையில் வலை விட்டு எஞ்சினை நிறுத்திய பிறகு, 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கும், எக்கோ சவுண்டர் (ஒலியால் கடலின் ஆழம் பார்க்கும் கருவி), ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவையும் விடிய விடிய அதிலேயே ஓடுகின்றன. விடியற்காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. 200 ஏ.ஹெச். பேட்டரி வாங்கினால் சரியாகுமா?

பதில் 1:
வாங்குவதற்கு முன் கணக்குப் பார்த்துவிடுங்கள், அண்ணா. விளக்குகளுக்கு மட்டும் 80 வாட், அதாவது ஏறத்தாழ 7 ஆம்பியர். மற்ற கருவிகளுக்கு 2 ஆம்பியர் என்று வைத்தாலும் பத்து மணி நேரத்தில் 90 ஏ.ஹெச். இறங்கிவிடும். ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 150 ஏ.ஹெச்.சில் நாம் நம்பி எடுக்கக்கூடியது 75தான். பெரிய பேட்டரி வைத்தாலும், எடுத்த அளவு கரை திரும்புவதற்குள் ஏறாவிட்டால் சில நாள்களில் அதுவும் இதே நிலைக்கு வந்துவிடும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் மிக மெதுவாகத்தான் ஏறும். வலை மிதக்கும் நேரத்தில் எக்கோ சவுண்டரையும் இரண்டு விளக்குகளையும் அணைத்துவிடலாம். ஆனால், கப்பல்கள் போய்வரும் கடலில் அடையாள விளக்கையும் வயர்லெஸ்ஸையும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள்.

பதில் 2:
செல்ஃபுக்கென்று தனி பேட்டரி வைப்பதே என் உறுதியான கருத்து. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் இணைத்து, நின்றதும் தானாகப் பிரித்துவிடும் ரிலே கிடைக்கிறது; அதைப் பொருத்தினால் இரவுச் சுமை எவ்வளவானாலும் செல்ஃபின் பேட்டரி குறையாது. அதற்கு முன், எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலும் (எஞ்சினோடு சுழன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) பேட்டரி முனைகளிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், தம்பி. ஆல்டர்னேட்டரில் 14.3 வோல்ட், பேட்டரியில் 13.4 காட்டுகிறது.

பதில் 2:
அப்படியானால் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வீணாகிறது. இந்த நிலையில் எந்தப் பேட்டரியும் முழுதாக நிரம்பாது. பாசிட்டிவ், எர்த் இரு பக்கமும் லக்குகளை (வயர் நுனியில் உள்ள உலோக இணைப்புகள்) கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்து, உறைக்குள்ளே வயர் கறுத்திருந்தால், சுரண்டிப் பயனில்லை. வெள்ளீயம் பூசிய தடித்த செம்பு வயரை மாற்றி, முனைகளில் வாசலின் தடவி இறுக்குங்கள். விளக்குகளுக்குப் போகும் வயரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். பிறகு, முழுதாக சார்ஜ் ஏற்றி, இரவு முழுவதும் எந்தச் சுமையும் இல்லாமல் ஓய்ந்திருந்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால், சார்ஜ் முழுமையாக ஏறுகிறது என்று பொருள். ரிலேவை அதன் பிறகு பொருத்தலாம்.