வாஸ்கானா ஓடையின் வழி

தாத்தா: நேற்று நீ அனுப்பிய படத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மேடுகூட இல்லையே, அம்மா. மலையில் பிறந்து சரிவில் இறங்கும் ஆறுகளையே பார்த்துப் பழகிய எனக்கு, கனடாவில் உங்கள் ரெஜைனா நகரத்து ஓடை எங்கே பிறந்து எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்கவில்லை.

சித்தி: நகரத்துக்குக் கிழக்கே, விபாங்க் என்ற சிற்றூரை ஒட்டிய வயல்வெளியில்தான் வாஸ்கானா பிறக்கிறது, அப்பா. அங்கிருந்து நேரே எங்களிடம் வராமல், முதலில் தென்கிழக்கே விலகிப் போய், வளைந்து மேற்கே திரும்பி, டைவன் என்ற ஊரருகே வடமேற்காகத் திசை மாறிய பிறகே ரெஜைனாவை அடைகிறது. இந்தச் சமவெளி, பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் தேங்கி நின்ற பேரேரியின் அடித்தரை. கனத்த களிமண்ணும் மிகக் குறைந்த சரிவும் கொண்ட நிலம் என்பதால் ஓடை நெளிந்து நெளிந்தே நகர்கிறது.

அண்ணன்: ஆண்டு முழுவதும் நீர் ஓடுமா, சித்தி?

சித்தி: ஓடும் நீரில் பெரும்பகுதி, பனி உருகும் வசந்த காலத்தின் சில வாரங்களிலேயே வந்துவிடும், தம்பி. கோடையில் ஓடை மெலிந்துவிடும். நகருக்குள் பரந்து தெரியும் வாஸ்கானா ஏரி இயற்கையானதன்று. 1883இல் அணை கட்டித் தேக்கியது. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்தவர்களைக் கொண்டு அதைத் தூர்வாரினார்கள். மறுபடியும் 2003–04 குளிர்காலத்தில் நீரை வடித்துவிட்டு, ஏறத்தாழ 13 லட்சம் கன மீட்டர் மண்ணை அள்ளினார்கள்.

தாத்தா: குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஈரக் களியில் லாரி இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும். தரை உறைந்திருந்தால் அந்தக் கவலை இல்லை. சரி, கடைசியில் கடலைச் சேர்கிறதா?

சித்தி: சேர்கிறது, ஆனால் நீண்ட பயணம். லம்ஸ்டன் என்ற ஊருக்குச் சற்று மேற்கே க்வாபெல் ஆற்றில் கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கை நீங்கள் பார்க்க வேண்டும், அப்பா. பனிப்பாறை உருகிய பெருவெள்ளம் அகழ்ந்த அவ்வளவு அகலமான பள்ளத்தில், இன்று ஒரு சிற்றாறு மட்டும் ஓடுகிறது. க்வாபெல் அசினிபாயின் ஆற்றிலும், அது வினிபெக் நகரில் செவ்வாற்றிலும் சேர, அந்த நீர் வினிபெக் ஏரியைக் கடந்து நெல்சன் ஆற்றின் வழியே ஹட்சன் விரிகுடாவை அடைகிறது.

அண்ணன்: வாஸ்கானா என்றால் என்ன பொருள்?

சித்தி: எலும்புகள் குவிக்கப்பட்ட இடம் என்று பொருள்படும், இங்குள்ள பழங்குடியினரான கிரீ மக்களின் மொழித் தொடரிலிருந்து வந்தது. இங்கே வேட்டையாடிய காட்டெருமைகளின் எலும்புகளை, மந்தைகள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையுடன் கிரீ மக்கள் கரையில் அடுக்கி வைத்தார்களாம். பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மந்தைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

தாத்தா: பனி உருகும்போது லம்ஸ்டனுக்குப் போய், இரண்டு நீரும் கூடும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு, அம்மா.