தீயில் செய்த கண்ணாடி டம்ளர்: உங்கள் அனுபவம் என்ன?

புதூர்க்காரன்:
மதுரை தமுக்கம் பொருட்காட்சியில் கண்ணாடிக் குழாயை பர்னரில் காட்டி அன்னம், மயில் செய்வார்களே, அந்தப் பக்கம் ஒருவர் டம்ளர் செய்துகொண்டிருந்தார். குழாயை உருட்டும் கை நிற்கவே இல்லை. நின்றால் இளகிய பக்கம் தொங்கிவிடும். சுடர் மஞ்சளாகப் பொங்கியதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இதப் போட்டுப் பாருங்க தம்பி" என்று மேசையில் கிடந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினார். போட்டதும் மஞ்சள் மொத்தமும் காணோம்! டம்ளரின் வாய் மட்டும் செக்கச்செவேலென்று சுற்றிக்கொண்டிருந்தது. சூடான கண்ணாடியில் இருக்கும் சோடியத்தின் மஞ்சளை மட்டும் தடுக்கிற டிடிமியம் கண்ணாடி அது. உடனே ஒரு ஜோடி டம்ளர் வாங்கிவிட்டேன். போரோசிலிகேட் என்கிற சூடு தாங்கும் கண்ணாடி, அதனால் கொதிக்கிற காபி ஊற்றினாலும் உடையாது.

திருநகர் அக்கா:
உடையாது என்று சொல்லாதீங்க தம்பி. என் மகள் வாங்கி வந்த கைப்பிடி வைத்த டம்ளர் அலமாரியில் சும்மா இருந்தது. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 'டிக்'கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கைப்பிடி ஒட்டிய இடத்திலிருந்து அடிவரை விரிசல். யாரும் தொடவில்லை. விற்றவரிடம் கேட்டால், "எங்கயாவது இடிச்சிருப்பீங்க" என்கிறார். அந்தப் பேச்சுதான் இன்னும் ஆறவில்லை.

லேப் அண்ணன்:
அக்கா இடித்திருக்க மாட்டார். எங்கள் கல்லூரியில் கண்ணாடி ஊதுகிற பெரியவர், ஒட்டுப்போட்ட கண்டென்சரை (ஆவியைக் குளிர்விக்கும் கண்ணாடிக் குழாய்) சூளையில் வைக்காமல் கையில் தரவே மாட்டார்.

தம்பி, போரோசிலிகேட் சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சூடு தாங்கும், சரி. ஆனால் செய்யும்போது ஒரு பக்கம் முந்தி ஆறி உள்ளே தங்குகிற இறுக்கம் தானாகப் போகாது. சுமார் 560 டிகிரி செல்சியஸில் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், அதுதான் அனீலிங். வாங்கும்போதே கேளுங்கள். வீட்டிலும் பார்க்கலாம்: கம்ப்யூட்டர் எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகும்வரை திருப்புங்கள். நடுவில் டம்ளரைப் பிடித்தால் இறுக்கமான இடம் பளிச்சென்று தெரியும். கைப்பிடி ஒட்டிய இடத்தை முதலில் பாருங்கள்.

புதூர்க்காரன்:
அண்ணே, பொருட்காட்சி ஸ்டாலில் சூளைக்கு எங்கே போவார்? என்னுடையதில் கைப்பிடியும் இல்லை.

லேப் அண்ணன்:
ஸ்டாலில் வேண்டாம் தம்பி. ஆறின டம்ளர்களைச் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாகச் சூளையில் ஏற்றலாம். கைப்பிடி இல்லாவிட்டால் அடிப்பக்கத்தைப் பாருங்கள், குழாயை மூடி அடி எடுத்த இடத்திலும் இறுக்கம் நிற்கும்.