பலாக்கை ‘ரெண்டாம் இடத்து ராஜா’ என்று கிண்டல் செய்வது நியாயமா?

புதுவரவு:
டோனி குரோஸைப் பார்த்துத்தான் நான் ஜெர்மனி கால்பந்து அணியின் ரசிகன் ஆனேன். அதற்கு முந்தைய காலம் அவ்வளவாகத் தெரியாது. பழைய ஜெர்மனி கேப்டன் மைக்கேல் பலாக் பேச்சு வந்தாலே பெரியவர்கள் எல்லோரும் ‘பாவம், ராசியில்லாத மனுஷன்’ என்று முடித்துவிடுகிறார்கள். கோப்பைப் பட்டியலைப் பார்த்தால் அப்படி ஒன்றும் காலியாக இல்லையே? நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, இல்லை பரிதாபத்தில் வளர்ந்த பெயரா?

பதின்மூன்றாம் எண்:
தம்பி, அந்த ‘ராசியில்லாதவர்’ பட்டத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2002-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அப்போது ஆடிய லெவர்குசன் அணி ஜெர்மன் லீகில் மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கும்போது ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. பிரெமனிடமும் நியூரம்பெர்க்கிடமும் அடுத்தடுத்துத் தோற்று, கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் டோர்ட்முண்டிடம் பட்டத்தைக் கோட்டைவிட்டது. ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் 4-2. ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக், கிளாஸ்கோவில் நடந்த அதன் இறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 2-1. பந்து தரையில் படுமுன் ஜிடேன் இடதுகாலால் அடித்த அந்த வாலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி ‘பாவம்’ என்கிறார்கள். அந்த லெவர்குசன் அங்கே வரை போனதே யாரால்? நடுக்களத்தில் ஆடிக்கொண்டு அந்த சீசனில் லீகில் மட்டும் 17 கோல். சாம்பியன்ஸ் லீகில் லிவர்பூலிடம் முதல் ஆட்டத்தில் 1-0 தோற்றுவிட்டு, சொந்த மைதானத்தில் 4-2 என்று திருப்பிக் கொடுத்தார்களே, அதில் இரண்டு கோல் இவருடையது.

ஜெர்மனி கதையும் அதேதான். 2001-இல் மியூனிக்கில் இங்கிலாந்திடம் 5-1 வாங்கிக் கட்டிக்கொண்ட அணி அது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவே உக்ரைனுடன் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. கீவில் 1-1, ஜெர்மனியின் கோல் பலாக். டோர்ட்முண்டில் 4-1, அதில் இரண்டு பலாக். உலகக் கோப்பைக் காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரே கோல், தலையால் முட்டியது, அதுவும் இவரே.

அப்புறம் தென்கொரியாவுடன் அரையிறுதி. 71-ஆவது நிமிடம் லீ சுன்-சூ பந்தோடு பெனால்டி பாக்ஸை நோக்கிப் பாய்கிறார். பலாக் பின்னாலிருந்து வீழ்த்துகிறார், மஞ்சள் அட்டை. முந்தைய ஆட்டத்தில் ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்ததால் இறுதி ஆட்டம் கிடையாது என்பது அவருக்கே தெரியும். நான்கே நிமிடத்தில் சக வீரர் நோய்வில் கொடுத்த பந்தை வலதுகாலால் அடிக்கிறார், கோலி தடுக்கிறார், திரும்பி வந்ததை இடதுகாலால் உள்ளே தள்ளுகிறார். 1-0. யோகோஹாமாவில் பிரேசிலுடன் ஆட மற்றவர்கள் போனார்கள். இப்போது காலிறுதிக்குப் பிறகு பழைய மஞ்சள் அட்டைகளை அழித்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்த விதி இல்லை.

உண்மையிலேயே அவர் தலையில் விழ வேண்டிய பழி ஒன்று உண்டு: 2000 மே, உன்டர்ஹாகிங். ஒரு டிரா போதும், லெவர்குசனுக்குப் பட்டம். வந்த கிராஸை வெட்டப்போய்த் தன் கோலிலேயே அடித்தார். 2-0 தோல்வி, கோல் வித்தியாசத்தில் பயர்ன் மியூனிக் அணிக்குப் பட்டம். அதற்கு வேண்டுமானால் திட்டுங்கள்.

நீலச்சட்டை:
அண்ணன் சொன்னதோடு, இங்கிலாந்தில் எங்கள் செல்சி அணிக்கு பலாக் ஆடிய 2008-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக், லீக் கோப்பை, மாஸ்கோவில் பெனால்டியில் போன சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில் ஸ்பெயினிடம் இறுதி. நான்கிலும் இரண்டாம் இடம்! மாஸ்கோவில் தன் பெனால்டியை அவர் அடித்துவிட்டார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. செல்சியில் நாங்கள் முழு பலாக்கைப் பார்க்கவே இல்லை. தாமதமாக பாக்ஸுக்குள் ஓடிவந்து கோல் அடிப்பது அவருடைய தனி வித்தை. அங்கே அந்த வேலையைச் சக வீரர் லாம்பார்ட் செய்துகொண்டிருந்தார். அதனால் இவர் கொஞ்சம் பின்னால் நின்று அணியைத் தாங்க வேண்டியதாயிற்று. ‘மெதுவான ஆள்’ என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. 2010-இல் லீகும் எஃப்ஏ கோப்பையும் சேர்த்து வென்றோம், அதையும் எழுதுங்கள்.

மைதான ஓரம்:
அந்த எஃப்ஏ கோப்பை இறுதியில்தானே போர்ட்ஸ்மத்தின் கெவின்-பிரின்ஸ் போட்டெங் மிதித்து பலாக்கின் கணுக்கால் போனது. கேப்டன் இல்லாமல் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்குப் போன ஜெர்மனி, இங்கிலாந்துக்கு நான்கு, அர்ஜென்டினாவுக்கு நான்கு என்று அடித்தது. அவருக்குப் பதில் கேப்டனான லாம் அந்தப் பட்டையைத் திருப்பித் தர விரும்பவில்லை. மறு வருடம் ஜெர்மனி பயிற்சியாளர் லோவ் கதவைச் சாத்திவிட்டார். நாட்டுக்காக 98 ஆட்டம், 42 கோல். நூறு ஆகட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பிரேசிலுடன் ஒரு வழியனுப்பு ஆட்டம் தருகிறோம் என்றார்கள், மனுஷன் வேண்டாம் என்றுவிட்டார். சரியான முடிவு என்பேன்.

புதுவரவு:
இவ்வளவு இருக்கிறதா! பட்டியலை மறுபடி பார்த்தேன். கைசர்ஸ்லாட்டர்னில் ஒரு லீக் பட்டம், பயர்னில் மூன்று முறை லீகும் கோப்பையும் சேர்த்து. எந்த ஆட்டத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதின்மூன்றாம் எண்:
டோர்ட்முண்டில் நடந்த உக்ரைன் ஆட்டம் முதலில். அடுத்து லிவர்பூல் 4-2. அப்புறம் யூரோ 2008-இல் வியன்னாவில் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஃபிரீ கிக், அது ஒரு நிமிடச் சமாச்சாரம்தான். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.