மூன்று தங்கம் யோஷிதாவா, நான்கு தங்கம் இச்சோவா?

கரிச்சான்:
ஜப்பான் பெண்கள் மல்யுத்தம் என்றாலே சாவோரி யோஷிதா பேர்தான் வருகிறது. ஒலிம்பிக்கில் அவருக்கு மூன்று தங்கம், ஒரு வெள்ளி. இன்னொரு ஜப்பான் வீராங்கனை கவோரி இச்சோவுக்கு 2004 முதல் 2016 வரை வரிசையாக நான்கு தங்கம். எந்த விளையாட்டிலும் தனிநபர் பிரிவில் அப்படி வென்ற முதல் பெண் அவர்தான். ஆனாலும் விளம்பரம், டிவி, கூட்டம் எல்லாம் யோஷிதாவுக்கு. எனக்கு மனசு ஆறவில்லை.

செந்தில்நாதன்:
ஒலிம்பிக்கை மட்டும் எண்ணினால் எப்படிங்க? உலக சாம்பியன்ஷிப்பில் யோஷிதாவுக்கு 13 தங்கம், இச்சோவுக்கு 10. ரஷ்யாவின் மல்யுத்த வீரர் கரேலின் உலகப் பட்டமும் ஒலிம்பிக்கும் சேர்த்துத் தொடர்ந்து 12 வென்றவர். யோஷிதா 16.

கரிச்சான்:
உலக சாம்பியன்ஷிப்பில் அந்த மூன்று தங்கம் எங்கிருந்து கூடியது என்று பாருங்கள். 2008, 2009, 2012. மூன்று வருஷமும் இச்சோ உலக சாம்பியன்ஷிப்பில் இறங்கவே இல்லை. இறங்கிய உலக சாம்பியன்ஷிப் ஒன்றில்கூட அவர் தோற்றதில்லை.

செந்தில்நாதன்:
இறங்காத போட்டிக்கு யாரும் பதக்கம் தருவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் யோஷிதா கனடாவில் உலக சாம்பியன்ஷிப்புக்காக மறுபடி மல்யுத்த விரிப்பில் நின்றார். இறுதியில் அமெரிக்காவின் ஹெலன் மரூலிஸை வீழ்த்தினார். ஒதுங்கியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

மலர்விழி:
ரெண்டு பேரும் பட்டத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். யோஷிதாவை ஜனங்கள் நேசித்தது அவர் தோற்ற விதத்துக்காகவும்தான். 2008 ஜனவரியில், சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் (அது அணிப் போட்டி, உலக சாம்பியன்ஷிப் வேறு) அமெரிக்காவின் மார்சி வான் டூசனிடம் தோற்றார். 119 போட்டிகளாக நீண்ட வெற்றி வரிசை அறுந்தது. எல்லோர் முன்னாலும் அழுதார். ஆகஸ்டில் பெய்ஜிங்கில் தங்கம். எதிராளியின் காலைப் பாய்ந்து பிடிக்கும் அந்த டேக்கிளைச் சின்ன வயதிலேயே வீட்டுப் பயிற்சிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அவர் அப்பா. 2014இல் அப்பா காலமானார். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் அதே மரூலிஸிடம் 4-1 என்று தோற்று யோஷிதா விரிப்பிலேயே அழுதாரே, தன் வீட்டுப் பிள்ளை அழுவதுபோல இருந்தது.

கரிச்சான்:
இச்சோவின் அம்மாவும் 2014இல்தான் இறந்தார். அவர் துக்கம் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ரியோ 58 கிலோ நினைவிருக்கிறதா? நம்ம சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கிய பிரிவு. கால் இறுதியில் சாக்‌ஷியை வென்ற ரஷ்யாவின் கோப்லோவா இறுதிக்குப் போனதால்தான் சாக்‌ஷிக்கு ரெபசாஜ் என்ற, வெண்கலத்துக்கான மறுவாய்ப்பே கிடைத்தது. 2012 உலகக் கோப்பையில் யோஷிதாவைச் சாய்த்த ஜொலோபோவாவும் இவர்தான், பின்னால் பெயர் மாறியது. அவருக்கு எதிரான இறுதிப் போட்டியில் இச்சோ 1-2 என்று பின்தங்கியிருந்தார். கடைசிச் சில வினாடிகளில் இரண்டு புள்ளி எடுத்து 3-2. அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

செந்தில்நாதன்:
அந்தப் போட்டிக்கு மறுப்பே இல்லை. அதே ஜொலோபோவாவை லண்டன் அரையிறுதியில் யோஷிதா திருப்பி அடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2013இல் ஒலிம்பிக்கிலிருந்து மல்யுத்தத்தையே எடுக்கப் பார்த்தபோது, அதைக் காப்பாற்றப் பேசியவர்களில் யோஷிதா முன்னால் நின்றார். ஊருக்கே தெரிந்த முகம் அன்றைக்கு உதவியது.

மலர்விழி:
ரியோ நடந்த அதே 2016இல் இச்சோவுக்கும் ஜப்பான் அரசின் மக்கள் கௌரவ விருது கொடுத்தார்கள். யோஷிதாவுக்கு 2012இலேயே கிடைத்துவிட்டது.

கரிச்சான்:
நாலு வருஷம் தாமதம். அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.