புது பைக்குக்கு ஃபொக் லைட், சைலன்சர், அகல டயர்: வொரண்டிக்கு என்ன நடக்கும்?

உவர்மலைப்பொடியன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். பைக் புதுசு, 160 சிசி, எஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரால தெளிக்கிறது), ரெண்டு வீலுக்கும் ஏபிஎஸ் (ப்ரேக்கில வீல் இறுகி நிக்காமல் பார்க்கிறது). லீசிங்கில எடுத்தது. முதல் ஃப்ரீ சேர்விஸ் இன்னும் வரேல்ல. வேலைக்காக அடிக்கடி இரவில கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகவேணும். அந்த ரோட்டில யானை நிக்கிறது கிட்டப் போனாத்தான் தெரியுது, அதால ஃபொக் லைட் ஒரு சோடி கட்டாயம். அதோட சைலன்சர், க்ராஷ் பார், ஃபோன் சார்ஜர், பின்னுக்கு 130/70-17க்குப் பதிலா 140/70-17 டயர் போடவும் யோசனை.

ஷோரூமில கேட்டா "வெளியில எதைப் பூட்டினாலும் வொரண்டி கட்" எண்டு ஒரே சொல்லில முடிச்சிட்டாங்க. யூடியூபில ஒருத்தர், வெளிப் பார்ட்ஸ் போட்டதுக்காக வொரண்டியை மறுக்க ஏலாது, அதுக்குச் சட்டமே இருக்கு எண்டுறார். எது சரி?

கொட்டியாரம்:

தம்பி, யூடியூப்காரர் சொல்றது அமெரிக்கச் சட்டம். 1975இல வந்த மக்னூசன்-மொஸ் வொரண்டிச் சட்டம். கம்பனி மறுக்கிறதெண்டால் வெளிப் பார்ட்ஸ்தான் பழுதாக்கினது எண்டு கம்பனிதான் காட்டவேணும், அது அங்க. இங்க இலங்கையில அதைச் சொல்லி ஷோரூமில வாதாடினா சிரிப்பாங்க. உங்களுக்கு இருக்கிறது கையில தந்த வொரண்டிப் புத்தகம். அதில விலக்குகள் போட்டிருக்கிற பக்கத்தை எடுத்து, வசனம் எப்பிடி எழுதியிருக்கு எண்டு பாருங்க. "அங்கீகாரமில்லாத பாகத்தால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை" எண்டு இருந்தால், லைட் பூட்டினதுக்காக கியர் பொக்ஸ் க்ளெய்மை மறுக்க இடமில்லை. "மாற்றம் செய்தால் வொரண்டி முழுதாக ரத்து" எண்டு இருந்தால் கதை வேற. அப்ப ஏஜெண்டின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்காதீங்க.

ரெண்டு வசனத்துக்கும் பொதுவா, சேர்விஸ் மனேஜர் க்ளெய்மைப் பார்க்கிற விதம் ஒண்டுதான். பழுதான பாகம் எது, அதைத் தொட்டுக்கொண்டு வெளிச் சாமான் ஏதும் இருக்கா? இதை மனசில வச்சுக்கொண்டு உங்கட பட்டியலைப் பார்ப்பம்.

சைலன்சர்தான் ஆபத்தானது. இந்த அளவு எஃப்ஐ பைக்குகள் பலதில கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கிறது) சைலன்சரோட ஒரே துண்டா வரும், ஒட்சிசன் சென்சர் பெண்ட் பைப்பில (எஞ்சினில இருந்து சைலன்சருக்கு வளைஞ்சு வாற குழாய்) இருக்கும். முழுசாக் கழட்டி வேற பூட்டினா சென்சர் பூட்டுற இடம் மாறும், பின்னழுத்தம் (புகை வெளியேறுறதுக்கு இருக்கிற தடை) மாறும். சென்சர் ஐட்லிங்கிலயும் சீரான வேகத்திலயும்தான் பெட்ரோல் அளவைத் திருத்தும். முழு த்ரொட்டிலில இசியு (எஞ்சினை நடத்துற கம்பியூட்டர்) தன்ர பழைய மெப்பை, அதாவது கம்பனி பதிஞ்சுவச்ச பெட்ரோல் அட்டவணையைத்தான் பார்க்கும், மாறின சைலன்சரைப் பற்றி அதுக்குத் தெரியாது. அப்ப கலவை லீனா, அதாவது காற்றுக் கூடி பெட்ரோல் குறைஞ்சு போய் சூடு ஏறும். பெண்ட் பைப் நீலமாகும், நாள் போக எக்ஸோஸ்ட் வால்வ் அடிபடும்.

இன்னொண்டு எல்லாரும் விடுற பிழை: பெண்ட் கேஸ்கட்டைப் பழசையே திருப்பிப் போடுறது. சென்சருக்கு முன்னால துளி லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ள இழுபட்டு, சென்சர் "லீன்" எண்டு பொய் சொல்லும், இசியு பெட்ரோலைக் கூட்டும், ப்ளக் கரியாகும், மைலேஜ் விழும். கடையில "ட்யூனிங் பிழை" எண்டு காசு வாங்குவாங்க, உண்மையில குற்றம் கேஸ்கட்டில. இப்பிடி வந்த எஞ்சின் பழுதை எந்த ஏஜெண்டும் வொரண்டியில எடுக்கமாட்டான். சத்தம் கூடினால் பொலிஸ் தனி. என்ர அபிப்பிராயம்: வொரண்டி முடியும்வரை சைலன்சரைத் தொடாதீங்க.

டயர்: கணக்குப் போட்டுப் பாருங்க. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. 130/70 எண்டால் அகலம் 130 மி.மீ., சுவர் உயரம் அதில 70 வீதம், ரெண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 182, மொத்த விட்டம் 613.8 மி.மீ. 140/70க்கு 196 சேர்ந்து 627.8. வித்தியாசம் 2.3 வீதம். ஏபிஎஸ் இதுக்குக் குழம்பும் எண்டு நான் சொல்லமாட்டன், ஆனால் முன் பின் வீல் வேகத்தை ஒப்பிட்டுத்தான் அது வேலை செய்யுது எண்டதால ஏபிஎஸ் லைட் எரிஞ்சா முதல் விரல் டயரைத்தான் காட்டும். ரிம் அகலமும் பாருங்க, ரிம்மில அச்சடிச்சிருக்கும். ஒடுக்கமான ரிம்மில அகல டயர் ஏத்தினா டயர் நடுவில கூம்பி, ரோட்டில படுற பட்டை கூடாமல் குறையும். செயினுக்கும் டயருக்கும் இடையில இடம் காணுமா எண்டதையும் கையால பாருங்க. அகலம் அழகுக்கு மட்டும்தான் வேணும் எண்டால் கம்பனி அளவிலேயே நல்ல ரப்பர் போடுங்க.

க்ராஷ் பாரில கவனிக்கவேண்டியது ஒண்டுதான். எஞ்சின் மவுண்டிங் போல்ட்டைக் கழட்டி அதிலேயே பூட்டுற வகை கனக்க இருக்கு. நீளம் கூடின போல்ட் தருவாங்க, டோர்க் (இறுக்கவேண்டிய அளவு) பார்க்காமல் இறுக்குவாங்க. அதுக்குப் பிறகு வாற எஞ்சின் அதிர்வு, ஃப்ரேம் வெடிப்பு ரெண்டும் உங்கட தலையில. ஏஜெண்டே விக்கிற பாரை ஷோரூமிலேயே பூட்டி, பில்லில சாசி நம்பரோட எழுதச் சொல்லுங்க. விலை கூடத்தான்.

நிலாவெளி வயர்மேன்:

கொட்டியாரம் அண்ணா வயரிங்கை விட்டிட்டார். வொரண்டி சண்டையில கூடுதலாத் தோக்கிற இடம் இதுதான். ஹார்னஸில (கம்பனி வயர்க் கட்டு) ஒரு வெட்டு, ஒரு டேப் சுத்து கண்டால் போதும். மெக்னட் கொயில், ரெகுலேட்டர், இசியு, மீட்டர், ஸ்விட்ச் எல்லாத்துக்கும் ஒரேயடியா "வயரிங் மாற்றப்பட்டுள்ளது" எண்டு எழுதிவிடலாம். அதால கம்பனி வயரில கத்தியே படக்கூடாது.

செய்யிற முறை: 20 வோட் லைட் ரெண்டு, 40 வோட், ஏறக்குறைய 3.1 அம்பியர். பெட்டரி ப்ளஸ்ஸில இருந்து ஒரு சாணுக்குள்ள 5 அம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 12 வோல்ட் ரிலேயின் (சின்ன கரண்டால பெரிய கரண்டை ஓன் பண்ணுற ஸ்விட்ச்) 30ஆம் பின்னுக்கு. 87 லைட் ப்ளஸ்ஸுக்கு. 85 பெட்டரி மைனஸுக்கு. 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வாற லைனை ஸ்விட்ச் ஊடாக் குடுங்க. ரிலே கொயில் இழுக்கிறது 0.2 அம்பியருக்கும் குறைவு, அதால அந்த லைனுக்குப் பாரமில்லை. லைட் வயர் 1 சதுர மி.மீ. எர்த்தை ஃப்ரேம் போல்ட்டில வைக்காமல் நேரா பெட்டரி மைனஸுக்கே கொண்டு வாங்க, பெயின்டுக்கு மேல வச்ச எர்த் நாள்போக விடும்.

86க்கு லைன் எடுக்கிற இடம் டெய்ல் லைட் கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கிற ப்ளக்). அதே கப்ளரின் ஆண் பெண் சோடி வாங்கி நடுவில ஒரு சின்ன ஜம்பர் செய்து செருகுங்க. பிறகு உருவினால் பைக் கம்பனியில வந்த மாதிரியே இருக்கும். கடைக்காரர் நீலக் க்ளிப் ஒண்டு எடுத்து வயரைக் கவ்வ வைப்பார், விடாதீங்க. அது உள்ள கம்பி இழைகளை வெட்டும், வெட்டின இடத்தால உப்பு ஈரம் போகும். எங்கட கடல்காற்றுக்கு, அதுவும் மாரி மழைக்குப் பிறகு, செம்பில பச்சைக் களிம்பு பிடிச்சு வயருக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். சென்சர் வயர்கள் 5 வோல்ட், அதுகளுக்குக் கிட்டவும் போகாதீங்க.

பூட்டின பிறகு மல்ட்டிமீட்டர் வையுங்க. எஞ்சின் நிப்பாட்டி ஓய்வில 12.6 வோல்ட் அளவு, 4000 ஆர்பிஎம்மில லைட்டோட 13.5க்கு மேல இருக்கவேணும். ஐட்லிங்கில லைட் போட்டதும் 12.6க்குக் கீழ இறங்கிக்கொண்டே போனா, பெட்டரியைத் தின்னுது எண்டு அர்த்தம். பெட்டியில எழுதின வோட்டை நம்பாதீங்க, மீட்டரை 10 அம்பியரில வச்சு லைட் லைனில தொடரா அளந்து பாருங்க.

சார்ஜரும் அந்த சாவி லைனில ரிலே ஊடாத்தான் போகவேணும். நேரா பெட்டரியில குடுத்தால் ஃபோன் இல்லாமலே 20 மில்லி அம்பியர் இழுத்தாலும் பத்து நாளில 4.8 அம்பியர் மணி போயிடும். 8 அம்பியர் மணி பெட்டரியில பாதிக்கு மேல. பெட்டரிக்கு வேற வொரண்டிக் கார்ட், அதையும் இழப்பீங்க.

சில ஃபொக் லைட்டில மின்னுற மோட் இருக்கும், யானைக்கு முன்னால அது வேண்டாம், நிலையான வெளிச்சம் மட்டும்.

உவர்மலைப்பொடியன்:

நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். சைலன்சரை விட்டிட்டன். ஒரு கேள்வி: சேர்விஸுக்குப் போக முதல் எல்லாத்தையும் கழட்டி பழையதைப் பூட்டிக்கொண்டு போனால் தெரியவருமா? பிறகு லீசிங்காரருக்கும் சொல்லவேணுமா?

அனுராதபுரச்சந்தி:

தெரியவரும். பெண்ட் நட்டில ஸ்பானர் கீறல், புதுக் கேஸ்கட், சைலன்சர் ப்ராக்கெட்டில தூசியில்லாத இடம். பல இசியுக்களில செக் லைட் அணைஞ்ச பிறகும் பழைய பிழைக் கோட் நினைவில கிடக்கும், ஸ்கேனர் குத்தினதும் வரும். ஒளிச்சுப் பிடிபட்டால் நியாயமான க்ளெய்மையும் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க.

லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. ஒப்பந்தத்தில மாற்றம் பற்றி என்ன இருக்கு எண்டு பாருங்க. இன்சூரன்ஸுக்கு கட்டாயம் எழுத்தில அறிவியுங்க, அறிவிக்காத சாமானுக்கு விபத்தில காசு வராது.

க்ளெய்ம் எண்டு போனால் ஜொப் கார்டில குறையை உங்கட சொல்லில எழுதவையுங்க, "செக் அப்" எண்டு மட்டும் எழுதினா கையெழுத்து வைக்காதீங்க. கொப்பி வாங்குங்க. மறுத்தால், எந்தப் பாகம், எந்த விதி, வெளிச் சாமான் அதை எப்பிடிப் பழுதாக்கினது, இந்த மூண்டையும் எழுத்தில கேளுங்க. வாய்ப்பேச்சில மறுக்கிறவங்க பலர் இந்த இடத்தில இறங்கி வருவாங்க. கழட்டின பாகத்தைக் குப்பையில போட விடாதீங்க, அது உங்கட சாட்சி. அதுக்கும் சரிவராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வொரண்டிக்கு ஒத்துவராத பொருள் பற்றின முறைப்பாட்டுக்குத்தான். ஃபோன் இலக்கம் 1977. ஃபோனோட நிக்காமல் ஜொப் கார்ட், பில், மறுப்புக் கடிதம் இணைச்சு எழுத்தில குடுங்க, நாளும் கடத்தாதீங்க.

ப்ரேக் பேட், செயின் ஸ்ப்ரொக்கெட், பல்ப், ஃபில்டர் எல்லாம் தேயிற சாமான், மாற்றம் செய்தாலும் செய்யாட்டியும் பொதுவா வொரண்டியில வராது. ஃப்ரீ சேர்விஸை மட்டும் கிலோமீட்டர் தாண்ட விடாதீங்க. லைட்டாலயும் டயராலயும் வொரண்டி போனவங்களை விட அதால போனவங்கதான் கூட.

கொட்டியாரம்:

சந்தி சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். வொரண்டி முடிஞ்சு பிறகு எப்பவாவது சைலன்சர் மாத்தினால் பழையதை வித்துப்போடாதீங்க. ரெண்டு வாயையும் துணியால அடைச்சு, வெளியில மெல்லிசா எஞ்சின் ஒயில் பூசி, நிலத்தில படாமல் தூக்கி வையுங்க. இங்கத்தைய காற்றில சும்மா கிடந்தால் ஒரு மாரிக்குள்ள வெல்டிங் ஓரத்தால துருப்பிடிச்சிடும், கைமாத்தேக்க வாங்கிறவன் முதல் கேக்கிறதே "கம்பனி சைலன்சர் எங்க" எண்டுதான்.